ரோஸ் சீட்டு

அத்தியாயம் 11

"இன்னிக்கு நானே நேர்ல போய் வசூல் பண்ணிட்டு வரேன்" என்று ரசீதுப் புத்தகத்தைக் கைப்பையில் திணித்துக்கொண்டு பெரியவள் வாசலில் சபதம் போட்டதோடு போன வாரம் விட்டோம். அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். செருப்பு வார் சிக்கிக்கொண்டது என்று வெளியில் சொல்லிக்கொண்டாள். உண்மையில் உள்ளே சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள், அவளைச் சுற்றி இருபத்திரண்டு குழந்தைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று தெரியாமல் கிளம்ப பெரியவளுக்கு மனசு வரவில்லை.

இவர்கள் இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். தம்பி கப்பலில் மெக்கானிக், வருடத்தில் எட்டு மாதம் கடலில். அண்ணன் வேன் ஓட்டுகிறார். மாடியில் குடித்தனம், கீழே மூன்று அறைகளில் குழந்தைகள் காப்பகம், மொத்தமும் வாடகை. பணம், கணக்கு, கறார் எல்லாம் பெரியவள் பொறுப்பு. பால், தூக்கம், மூக்குச்சளி எல்லாம் சின்னவள் பொறுப்பு. குழந்தைகளும் பெற்றவர்களும் பெரியவளை 'ஆபீஸ் மிஸ்' என்பார்கள். சின்னவள் வெறும் 'மிஸ்'. அந்த ஒரு சொல்லில் பெரியவளுக்கு ஆறு வருடமாக வயிறு எரிகிறது.

அன்று வெள்ளிக்கிழமை. மூன்று மாத வாடகை பாக்கி. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்காரர் வருவார். பணம் இல்லையென்றால் கீழ்த்தளத்தை ஒரு ஜிம்காரனுக்குக் கொடுத்துவிடப் போவதாக முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். குறைகிற தொகையோ மூன்று வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அதில் நாள்பட்ட பாக்கி ஒரே வீடு. பல் டாக்டர் வீடு, நாலு மாதம்.

வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார்.

"நீ எதுக்கு அலையணும்? சின்னவகிட்ட சொல்லிவிடேன். அவ கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க."

"அப்ப நான் கேட்டா?"

"நீ கேட்டா கேட்ட மாதிரி இருக்காதும்மா. திட்டற மாதிரி இருக்கும்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கு உறைத்தது. சட்டென்று குனிந்து டயரைப் பார்க்க ஆரம்பித்தார். டயர் நன்றாகத்தான் இருந்தது.

இந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து சிட்டு ஓடி வந்தாள். பெரியவளின் மகள், ஆறு வயது. பள்ளிக்கூடப் பை முதுகில், இரண்டு பக்கமும் பின்னல், பின்னல் நுனியில் மஞ்சள் ரிப்பன்.

"யாரு பின்னிவிட்டா?"

"சித்தி. நீ இழுத்து இழுத்துப் பின்னுவம்மா, வலிக்கும்."

பெரியவள் நடையைக் கட்டினாள்.

*

முதலில் மொபைல் கடைக்காரர். இரட்டைக் குழந்தைகளின் அப்பா, இரண்டு மாத பாக்கி. வெள்ளைச் சீட்டு போய், மஞ்சள் சீட்டும் போயாயிற்று.

இந்தச் சீட்டு ஏற்பாடு பெரியவளின் சொந்த மூளையில் உதித்தது. ஒரு மாதம் தாண்டினால் வெள்ளை, இரண்டு மாதத்துக்கு மஞ்சள், மூன்றுக்கு ரோஸ். கைப்பட எழுதி, குழந்தையின் மாற்றுத்துணிப் பையில் துணி கிளிப் போட்டு மாட்டி அனுப்புவாள். ரோஸ் சீட்டின் அடியில் மட்டும் அச்சடித்த ஒரு வரி இருக்கும்: 'ஏழு நாளில் பாக்கி தீராவிட்டால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள இயலாது.' அச்சகத்துக்கு அவளே போய், எழுத்து இன்னும் கொஞ்சம் தடியாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கடைக்காரர் அவளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். சட்டென்று ஒரு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, "ஆமா சார், அனுப்பிட்டேன் சார், நாளைக்கு வந்துரும் சார்" என்று பேசத் தொடங்கினார்.

பெரியவள் கவுண்டரில் முழங்கையை ஊன்றி நிதானமாகக் காத்திருந்தாள். அவர் காதில் இருந்தது கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைக்கிற வெறும் பொம்மை போன். உள்ளே பேட்டரிகூடக் கிடையாது.

"அந்தப் பக்கம் சாருக்கு நல்லாக் கேக்குதா?" என்றாள்.

கடைக்காரர் அசடு வழிந்தார். போனை வைத்துவிட்டு, டிராயரைத் திறந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். முழுத் தொகையும் இருந்தது. கவர் மேல் 'மிஸ்ஸுக்கு' என்று எழுதியிருந்தது.

"ரெடியா வச்சுக்கிட்டா நாடகம் போட்டீங்க?"

"மிஸ் நேத்து சாயங்காலம் ஒரு வார்த்தை சொன்னாங்க, உடனே எடுத்து வச்சுட்டேன். உங்களப் பாத்ததும்... தப்பா நினைக்காதீங்க மேடம், கை தானா போனை எடுத்துருச்சு."

பணம் வந்ததில் சந்தோஷப்பட வேண்டியவள்தான். கவர் மேல் இருந்த அந்த ஒரு சொல் கண்ணில் விழுந்த மணல் மாதிரி உறுத்தியது. கவரைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

அடுத்தது பார்லர் வைத்திருக்கும் அம்மா. ஒரு வாடிக்கையாளரின் தலையில் மருந்தைப் பூசிக்கொண்டே பேசினாள்.

"பத்தாம் தேதி வரைக்கும் மிஸ்கிட்ட டைம் கேட்டிருக்கேனே. சரின்னு சொன்னாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லை. சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்வதா, தெரிந்த மாதிரி தலையாட்டுவதா என்று பெரியவளுக்குப் புரியவில்லை. தலையாட்டினாள். இந்தப் பணம் வராவிட்டாலும் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததைப் போட்டுச் சமாளித்துவிடலாம். ஆனால் டைம் கொடுக்கச் சின்னவள் யார்? ஆபீஸ் மிஸ் யார், மிஸ் யார்?

*

மதியம்தான் திறக்கும் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"டோக்கன்?"

"நான் பல் பாக்க வரல. டாக்டரைப் பாக்கணும்."

"டாக்டர் பல் மட்டும்தாங்க பாப்பாரு."

வேறு வழியில்லாமல் டோக்கன் எடுத்தாள். ஒன்பதாம் நம்பர். ஒன்றே முக்கால் மணி நேரம் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நாலுமே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தன.

உள்ளே போனதும் டாக்டர் முகமெல்லாம் மலர்ந்தார். "அடடே, எங்க பட்டாணியோட ஆபீஸ் மிஸ்! உக்காருங்க, சாஞ்சுக்கோங்க."

பட்டாணி அவர் மகள், இரண்டரை வயது. பெரியவள் "நான் அதுக்கு..." என்று தொடங்குவதற்குள் நாற்காலி பின்னால் சாய்ந்தது, விளக்கு முகத்துக்கு வந்தது, திறந்த வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடியும் இரண்டு பஞ்சுருண்டையும் போய்விட்டன.

"ஃபீஸ் விஷயமாதானே? தெரியும், தெரியும்" என்றார் டாக்டர், கடைவாய்ப் பல்லைத் தட்டிக்கொண்டே. "உங்க ரோஸ் சீட்டெல்லாம் பத்திரமா வச்சிருக்கோம். பின்பக்கத்துல பட்டாணி யானை வரைஞ்சிருக்கா. ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு."

"ஆ..." என்றாள் பெரியவள்.

"அசையாதீங்க. எங்க வீட்டம்மா எல்லாம் மிஸ்கிட்ட பேசிட்டாளே. கிளினிக்குக்குக் கீழ ஒரு போர்ஷன் சும்மாதானே கிடக்கு. நீங்களே தனியா ஆரம்பிங்க மிஸ், நாங்க பாத்துக்கறோம்னு சொன்னா. அந்த நாலு மாச ஃபீஸை அட்வான்ஸா குடுத்துடறோம்னு கையில வச்சிருக்கோம். உங்களுக்கும் பாரம் குறையும். மிஸ் சொல்லலையா?"

இப்போது பெரியவள் "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை. வாயைத் திறந்தபடி, விளக்கைப் பார்த்துக்கொண்டு, பஞ்சைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். வாழ்க்கையில் யாரிடமும் பதில் சொல்லாமல் இருந்து அவளுக்குப் பழக்கமில்லை. பொறாமை என்பது வயிற்றில்தான் எரியும் என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு ஈறெல்லாம் எரிந்தது.

"பல்லு ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு. ராத்திரி தூக்கத்துல நறநறன்னு கடிப்பீங்களோ? தேஞ்சிருக்கு."

வெளியே வந்தவளை வரவேற்புப் பெண் நிறுத்தினாள். "கன்சல்டேஷன், மேடம்."

"அப்புறம் குடுக்கறேன்."

"இங்க பாக்கி வைக்கிற வழக்கம் இல்லீங்க."

 பெரியவள் தன் சொந்தப் பர்ஸைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள். "ரசீது வேணும்" என்றாள். கேட்டு வாங்கிக்கொண்டாள்.

படியிறங்கும்போது கீழ் போர்ஷனின் கதவு திறந்திருந்தது. போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனாள். பெரிய ஜன்னல்கள், வெளிர் பச்சைச் சுவர், வழுக்காத தரை. பின்னறையில் பிளம்பர் ஒருவர் குழாய்க்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் சுவரில் மூன்று வாஷ்பேசின்கள், ஒரு குழந்தையின் நெஞ்சு உயரத்துக்கு.

"இவ்வளவு கீழ வைக்கச் சொன்னது யாரு?"

"ஒரு மிஸ் வந்தாங்கம்மா. கையாலயே அளந்து காட்டிட்டுப் போனாங்க. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு. நல்ல மாதிரி."

மூன்று வருடமாகச் சின்னவள் குட்டி பேசின் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாசம் பாக்கலாம் என்று பெரியவளும் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இங்கே, இந்த ஊமை அறையில், யாரும் இன்னும் கை கழுவாத இடத்தில், அந்த உயரம் அச்சு அசலாக வந்து உட்கார்ந்திருந்தது.

*

அவள் வீடு திரும்பியபோது மணி நாலு. குழந்தைகள் தூங்கி எழுந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். ஆயாம்மா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சின்னவள் குளியலறையில் பட்டாணியை ஸ்டூல் மேல் நிறுத்தி, பெரியவர்கள் உயரத்து பேசினில் எக்க வைத்துக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சிட்டு துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பேசின் உயரம் ரொம்பச் சரியா வந்திருக்கு" என்றாள் பெரியவள்.

சின்னவளின் கை நின்றது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"சிட்டு, பட்டாணியைக் கூட்டிட்டுப் போய் பிஸ்கட் குடு" என்றாள் சின்னவள். குழந்தைகள் போன பிறகுதான் திரும்பினாள். "அங்க போயிருந்தீங்களாக்கா?"

"ஏன், நான் போகக் கூடாதா?"

"போய்ப் பாத்தேன்க்கா. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா சரின்னு இன்னும் சொல்லல."

"சொல்லாமலே மூணு பேசின் முளைச்சுருச்சாக்கும்!"

"உயரம் கேட்டாங்க, சொன்னேன். ஒருத்தர் கேட்டாங்களேங்கற சந்தோஷத்துல சொல்லிட்டேன்."

அந்தச் சந்தோஷம் என்ற சொல்தான் பெரியவளை உடைத்தது. காலையிலிருந்து அடைத்து வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"உனக்கு இன்னும் என்னடி வேணும்? கடைக்காரன் கவர் மேல உன் பேரு. பார்லர்காரிக்கு நீ டைம் குடுக்கற. இந்த வீட்டு மனுஷன் காலங்காத்தால உன் புராணம் பாடறாரு. நான் பெத்த பொண்ணு என் கையால தலை பின்னிக்க மாட்டேங்கறா. பேங்க் லோனுக்கு அலைஞ்சவ நான், வீட்டுக்காரன்கிட்ட பேச்சு வாங்கறவ நான், எல்லாருக்கும் பிடிச்சவ மட்டும் நீ. எனக்கு வயித்தெரிச்சல்தான். ஆமா, வயித்தெரிச்சல்தான். போதுமா?"

சின்னவள் குழாயை மூடினாள். அடம் பிடிக்கிற குழந்தையிடம் பேசுகிற அதே அமைதியான குரலில்தான் பேசத் தொடங்கினாள்.

"உங்களுக்கு மட்டும்தானா? எனக்கு இல்லையாக்கா?"

"உனக்கு என்ன வயித்தெரிச்சல்?"

"போர்டுல உங்க பேரு. ரசீதுல உங்க கையெழுத்து. யாராவது பெரிய மனுஷங்க வந்தா நாற்காலி உங்களுக்கு, நான் உள்ள டீ போடணும். மாசம் பொறந்தா ஆயாம்மாவுக்குக்கூட ஒரு கவர் குடுக்கறீங்க. எனக்கு ஒரு தடவை? கேட்டா, நம்ம வீட்டுப் பொண்ணுக்கு எதுக்குச் சம்பளம்னு சிரிப்பீங்க. அந்தக் கவரைப் பாத்தா ஆயாம்மா மேல எனக்கு எரியும். அறுபது வயசு மனுஷி மேல! வெக்கமா இருக்கும்."

பெரியவள் வாயைத் திறந்தாள். இந்தத் தடவை வாயில் பஞ்சு இல்லை. 

அதற்குள் வாசலில் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

*

அவர் ஐந்து மணிக்கு வருவதாகத்தான் பேச்சு. நாலரைக்கே வந்துவிட்டார். தனியாகவும் வரவில்லை. கையில் அளவு டேப்போடு ஜிம்காரனும் கூட வந்திருந்தான். குழந்தைகள் தூங்குகிற அறையின் ஒரு மூலையில் டேப்பை வைத்துவிட்டு மறுமூலைக்கு நடந்தான். இரட்டைக் குழந்தைகள் இருவரும் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து டேப்பின் மேல் ஏறி நின்றார்கள்.

"பணம் இருக்காம்மா?" என்றார் வீட்டுக்காரர்.

"அஞ்சு மணின்னுதானே சொன்னீங்க?"

"அஞ்சுக்கும் இதே கேள்விதானே கேக்கப் போறேன்."

அப்போதுதான் டாக்டர் வீட்டுக் கார் வந்து நின்றது. டாக்டரம்மா கூலிங் கிளாஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இறங்கினாள். பட்டாணி ஓடிப்போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொள்ளவில்லை, சின்னவளின் காலைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் ஒரு நொடி சுண்டிப்போனது. அந்த முகம் பெரியவளுக்கு நன்றாகத் தெரிந்த முகம். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

டாக்டரம்மா கைப்பையிலிருந்து தடித்த கவர் ஒன்றை எடுத்தாள். ரசீதுப் புத்தகத்தோடு முன்னால் வந்த பெரியவளைத் தாண்டி, கவர் சின்னவளிடம் நீண்டது.

"மிஸ், நாலு மாசம். உங்க கையிலதான் குடுக்கணும்னு வந்தேன். ஃபீஸ்னா ஃபீஸ், அட்வான்ஸ்னா அட்வான்ஸ். நீங்களே சொல்லிடுங்க."

வீட்டுக்காரர் கவரைப் பார்த்தார். ஜிம்காரன் டேப்பைச் சுருட்டாமல் நின்றான். சிட்டு அம்மாவையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

 ஒரே ஒரு வார்த்தை. அட்வான்ஸ் என்று சின்னவள் சொல்லிவிட்டால் இந்த மூன்று அறைகள் ஜிம்காரனுக்கு, இந்த இருபத்திரண்டு பேரும் குட்டி பேசின் இருக்கிற இடத்துக்கு. தடுக்கவும் முடியாது, தப்பென்று சொல்லவும் முடியாது. இந்த நிலையிலும் 'எல்லாரும் இவ வாயையே பாக்கறாங்களே' என்று பெரியவள் மனசின் ஒரு ஓரம் பொருமியது. அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது.

சின்னவள் கவரை வாங்கவில்லை. பெரியவள் பக்கம் கையை நீட்டினாள்.

"ரசீதுப் புத்தகத்தைக் குடுங்கக்கா."

ஆறு வருடத்தில் அந்தப் புத்தகம் வேறு கைக்குப் போனதில்லை. கணவர் ஒருமுறை பேனா எழுதுகிறதா என்று அதன் அட்டையில் கிறுக்கியதற்கே இரண்டு நாள் பேச்சு இல்லை. பெரியவளின் விரல்கள் கொஞ்ச நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு விட்டன.

சின்னவள் சுவரில் வைத்து எழுதினாள். பட்டாணியின் பெயர், நான்கு மாதம். எதற்கு என்ற இடத்தில் 'பராமரிப்புக் கட்டணம்' என்று எழுதி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். கிழித்து டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் கவரை வாங்கினாள்.

"அப்ப கீழ் போர்ஷன்?" டாக்டரம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழமை சொல்றேன் மேடம்."

கவர் பெரியவளின் கைக்கு வந்தது. கடைக்காரர் பணம், வீட்டுச் செலவுப் பணம், இது எல்லாம் சேர்த்து வீட்டுக்காரரிடம் எண்ணிக் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை எண்ணினார். டேப் 'சர்'ரென்று சுருண்டது. இரட்டையர்கள் ஏமாற்றத்தில் அழுதார்கள்.

*

ஆறு மணிக்கு எல்லாக் குழந்தைகளும் போயாயிற்று. கணவர் கடைசி டிரிப்புக்கு வேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாடியில் சிட்டு சத்தமாகப் பாடம் படிப்பதும், நடுநடுவே சின்னவள் திருத்துவதும் கேட்டன.

பெரியவளுக்கு மனசு இளகியிருந்தது. மேலே போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நன்றி என்று சொன்னால் நாடகமாக இருக்கும். அடுத்த மாசம் பேசின் மாத்திடலாம் என்று சொல்லலாம். இல்லை, இந்த மாசமே. அப்படிச் சொன்னால் அவள் சிரிப்பாள், எல்லாம் சரியாகிவிடும். விட்டுக்கொடுக்கிறவள்தானே, எப்போதும் போல விட்டுக்கொடுத்துவிடுவாள்.

விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையை எடுத்தாள். பையின் வாரில் ஒரு துணி கிளிப். கிளிப்பில் ஒரு ரோஸ் சீட்டு.

மறுபடி விளக்கைப் போட்டாள்.

குழந்தை: நம்ம வீட்டுச் சிட்டு.

பாக்கி: எழுபத்திரண்டு மாதம்.

கடைசி நாள்: அடுத்த வெள்ளிக்கிழமை.

கோபமாக ஒரு வார்த்தை இல்லை. ஆறு வருடத்துக்கு எழுபத்திரண்டு, கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அடியில், பெரியவளே அச்சகத்துக்குப் போய்த் தடியாக்கச் சொன்ன அந்தக் 'குழந்தையைப் பார்த்துக்கொள்ள இயலாது' வரி இருந்தது. அதை அவள் இதற்கு முன் எத்தனையோ முறை கிளிப் போட்டு மாட்டியிருக்கிறாள். உட்கார்ந்து படித்தது இதுதான் முதல் தடவை.

மாடியில் சிட்டு எதற்கோ கலகலவென்று சிரித்தாள்.

பெரியவள் சீட்டை மூன்றாம் முறை படித்தாள். கையெழுத்துகூடத் தன்னுடையதைவிட நன்றாக இருந்தது.